துப்பாக்கி வாங்குவதற்கு முன்

அண்ணா, வணக்கம்.

பதினோரு வருடம் எச்1பி வேலை விசாவில் இருந்தேன். போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. எங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் திருட்டு நடந்தது. அதிலிருந்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைக்கலாமா என்று யோசிக்கிறேன். மனைவிக்குத் துளியும் பிடிக்கவில்லை. மகனுக்கு 15 வயது. தோட்டா விலை அதிகம், சுட்ட கூட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்பித் தோட்டா செய்யும் ரீலோடிங் கற்றுக்கொண்டால் பாதிக் காசு மிச்சம் என்கிறார் அலுவலக நண்பர். உண்மையா? இன்னொன்றும் கேட்க வேண்டும். துப்பாக்கி உரிமையை ஆதரித்து எழுதுகிறீர்கள். யுவால்டி பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் அதே கருத்துதானா?

எஸ்.
பிளேனோ, டெக்சாஸ்

அன்புள்ள எஸ்.,

மனைவிக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். 23 வருடமாகச் சுடுகிறேன். வீட்டில் ஒருவருக்குச் சம்மதமில்லாமல் வந்த துப்பாக்கி பெரும்பாலும் ஒளித்துவைத்த துப்பாக்கியாகிவிடுகிறது. அலமாரி மேல்தட்டு, துணிக்கு அடியில், சூட்கேஸுக்குள். 15 வயதுப் பையனுக்குத் தெரியாத இடம் என்று எந்த வீட்டிலும் கிடையாது. அதனால் முதலில் பெட்டகம் வாங்குங்கள். அதைச் சுவரோடோ தரையோடோ போல்ட் போட்டு இறுக்குங்கள். அதற்கே மனம் வரவில்லை என்றால் துப்பாக்கியும் வேண்டாம். டெக்சாஸ் சட்டப்படியும், அஜாக்கிரதையால் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குத் தோட்டா போட்ட துப்பாக்கி எட்டினால் அது குற்றம்.

2021-இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கு மேல். திருடனை நினைத்து வாங்கும் பொருள் வீட்டுக்குள் இருப்பவருக்கே எமனாகிவிடுகிறது. துப்பாக்கி வைத்திருக்கும் எங்கள் வட்டத்தில் இதைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள், பேசினால் உரிமையைப் பறிக்க வழி செய்துவிடுவோமோ என்ற பயம். நியூ ஹாம்ப்ஷயரில் 2009-இல் ஒரு வாரத்துக்குள், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்தில் உயிரை விட்டார்கள். அதன் பிறகு அந்த மாநிலத்தின் துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத்துறை ஆட்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மன உளைச்சலில் வருபவரை எப்படி அடையாளம் காண்பது, எப்படி விற்காமல் அனுப்புவது என்று கடைகளுக்கு வழிமுறை எழுதினார்கள். யாருடைய துப்பாக்கியும் பறிபோகவில்லை.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. கூடச் சுடும் நண்பர் ஒருவர், விவாகரத்து நடந்துகொண்டிருந்த சமயம், இரவு ஒன்பதரைக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மூன்று துப்பாக்கி உறைகள். "கொஞ்ச நாள் உங்கிட்ட இருக்கட்டும்" என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் தோசை ஊற்றிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். உங்கள் வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லாத காலம் வந்தால், அன்றே ஆயுதத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், இரவானாலும் எடுப்பார்கள்.

அப்புறம் சட்டம். எச்1பியில் இருப்பவர் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. கிரீன் கார்டு இருப்பதால் நீங்கள் வாங்கலாம். கடையில் 4473 படிவத்தை ஒவ்வொரு கேள்வியாக நிதானமாகப் படித்து நிரப்புங்கள், அதில் பொய் சொல்வது கூட்டாட்சிக் குற்றம். குடியுரிமை பெறாதவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தவே அது காரணமாகிவிடும். 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா போட்டவை. கேட்டால் பலரும் சொல்வது, பையில் இருந்ததை மறந்துவிட்டோம் என்பதுதான். ஆகவே துப்பாக்கிக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் பையில் அதை ஒருநாளும் வைக்காதீர்கள்.

ரீலோடிங் எனக்குப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எங்கள் ஊரில் தாய்மாமாவிடம் காட்டுப்பன்றி விரட்ட உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டித்து, தேங்காய் நார் அடைத்து, பால்ரஸ் குண்டு போடுவார். அந்த வேலை முடியும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். ரீலோடிங்குக்கு வேண்டிய முதல் பாடம் அதுதான்.

சுட்ட பிறகு கீழே விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, சுத்தம் செய்து, பிரஸ்ஸில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமரும் (அடித்தால் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் குண்டும் வைத்து மூடுகிறோம். மருந்தை கிரெய்னில் நிறுக்க வேண்டும், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். 9 மி.மீ. தோட்டாவுக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் போகும். கூட்டுக்குள் அதற்கு மேலும் இடம் இருக்கும். கவனம் தப்பி இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. சுடும்போது துப்பாக்கியே வெடிக்கலாம்.

எனக்கு நடந்தது அதற்கு நேர்மாறு. மருந்து ஊற்றும்போது தொலைபேசி வந்தது, பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அடுத்த சனிக்கிழமை சுடும் பயிற்சி ரேஞ்சில் ஏழாவதோ எட்டாவதோ சுடும்போது 'தட்' என்று ஒரு சத்தம், கதவில் விரலால் தட்டியது போல. உதைப்பு இல்லை. துப்பாக்கியின் மேல்பாகம் பின்னால் நகரவே இல்லை. தோட்டா சிக்கிவிட்டது என்று நினைத்து மேல்பாகத்தை இழுத்து அடுத்ததை ஏற்றக் கை போய்விட்டது. பக்கத்துத் தடத்தில் இருந்த பெரியவர் "நிறுத்து!" என்று கத்தினார். தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இருட்டு. மருந்தில்லாத கூடு, பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டை ஓரங்குலம் தள்ளி நடுவில் நிறுத்தியிருந்தது. இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி அந்தக் குண்டை வெளியே எடுத்தேன். மேசைக்கு மேலே ஆணியில் அது இன்னும் தொங்குகிறது. அன்றிலிருந்து தொலைபேசி சமையலறையில்தான். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. ஐம்பது கூடுகளையும் பலகையில் நிறுத்தி, விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பார்த்த பிறகுதான் குண்டு வைப்பேன்.

காசு மிச்சமா? 9 மி.மீ.க்குக் கிட்டத்தட்ட இல்லை. பிரஸ், தராசு, டை (கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) எல்லாம் வாங்கிய செலவைத் திரும்ப எடுக்கவே வருடங்கள் ஆகும். தூரத்து இலக்குக்குச் சுடும் ரைபிள் தோட்டா என்றால் பலன் உண்டு, உங்கள் குழலுக்கு ஏற்ற மாதிரி செய்துகொள்ளலாம். 2020, 2021-இல் பிரைமரே கிடைக்காமல் கடை கடையாக அலைந்தோம். பழைய கூட்டைச் சுத்தம் செய்யும்போது ஈயத் தூசி கிளம்பும். சமையலறையில் செய்யவே கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நான் வருடம் ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்கிறேன். இப்போதைக்கு நீங்கள் கடைத் தோட்டாவே வாங்குங்கள்.

யுவால்டி. 2022 மே 24. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். அந்த வாரம் நான் துப்பாக்கியைத் தொடவில்லை. ஆனாலும் உரிமை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அன்று சம்பவ இடத்துக்கு 370க்கும் மேற்பட்ட காவல் அதிகாரிகள் வந்தார்கள். உள்ளே போய்ச் சுட்டவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. நான் இருப்பது டென்டன் நகருக்கு வடக்கே, ஷெரிப் ஆட்கள் (மாவட்டப் போலீஸ்) வந்து சேர அரை மணிக்கு மேல் ஆகும். அந்த அரை மணி என் குடும்பத்துக்கு நான்தான் பொறுப்பு. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவுக்கு வந்த 1878 ஆயுதச் சட்டத்தில் வெள்ளைக்காரர்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டு இந்தியர்களை மட்டும் உரிமம் கேட்டு நிற்க வைத்ததையும் நான் மறக்கவில்லை.

ஆனால் யுவால்டியில் சுட்ட அந்தப் பையன் 18 வயது முடிந்த சில நாளிலேயே இரண்டு ரைபிள்களைச் சட்டப்படிதான் வாங்கினான். 1968 முதல் உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆக வேண்டும், ரைபிளுக்கு 18 போதும். இந்த வித்தியாசத்துக்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. ரைபிளுக்கும் 21 ஆக்க வேண்டும். 2022 ஜூனில் வந்த சட்டம் 21 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடுதல் சோதனை வைத்தது, அதுவும் சரிதான். குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உள்ளவனிடம் ஆயுதம் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்பளித்தபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இதையெல்லாம் வெளிப்படையாகச் சொன்னதால் ரேஞ்சில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

எதுவும் வாங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை இங்கே வாருங்கள். மகனையும் கூட்டி வாருங்கள். கண்ணாடியும் காதுமூடியும் என்னிடம் கூடுதலாக இருக்கின்றன. முதல் ஒரு மணி நேரம் தோட்டாவே கிடையாது: விரலை விசைக்கு வெளியே வைப்பது, துப்பாக்கியின் வாயை யார் பக்கமும் திருப்பாமல் இருப்பது, இவ்வளவுதான். உங்கள் மனைவி வருவதாக இருந்தால் முதலில் அவருக்குத்தான் சொல்லித் தருவேன். எல்லாம் பார்த்த பிறகும் வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்தப் பணத்தில் நல்ல கதவுப் பூட்டும் கேமராவும் வாங்கிப் போடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்