ஜாகுவாரின் எடை 56 கிலோவா, 100 கிலோவா?

கேள்வி: அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். அக்டோபரில் வரும் வன உயிரின வாரத்துக்காக, பெரும்பூனைகள் பற்றி மாணவர்களோடு சேர்ந்து ஒரு காட்சிப் பலகை தயாரிக்கிறோம். ஆண் ஜாகுவாரின் எடை ஒரு புத்தகத்தில் 56 கிலோ என்றும், இன்னொன்றில் 100 கிலோ என்றும், மூன்றாவதில் 158 கிலோ என்றும் இருக்கிறது. எதை எழுதுவது?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, முதல் இரண்டையும் எழுதுங்கள். மூன்றாவதை விட்டுவிடுங்கள். 158 கிலோ என்பது இந்த இனத்தின் உச்ச எடையாகச் சொல்லப்படுவது. ஊரிலேயே உயரமான ஆளை அளந்துவிட்டு, அதுதான் ஊரார் உயரம் என்று எழுத மாட்டோம் அல்லவா?

56 கிலோ மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டிலிருந்து வந்த கணக்கு. அங்கே காக்ஸ்கோம்ப் என்ற அடர்ந்த மழைக்காட்டில் 1980களில் அமெரிக்க விலங்கியலாளர் ஆலன் ராபினோவிட்ஸ் ஜாகுவார்களைப் பிடித்து, எடைபோட்டு, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி ஆராய்ந்தார். வளர்ந்த ஆண்களின் சராசரி எடை 56 கிலோ அளவில்தான் இருந்தது. 100 கிலோ, பிரேசிலின் பாண்டனால் சதுப்பு வெளியைச் சேர்ந்த ஆண்களின் சராசரி. அங்கே பெண் ஜாகுவாரே 75 கிலோவை நெருங்குகிறது. பாண்டனாலின் பெண், பெலிஸின் ஆணைவிட எடை மிகுந்தது! உங்கள் மாணவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஏன் இப்படி என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பாடப் புத்தகத்தில் படித்த பெர்க்மன் விதியை யாராவது சொல்லக்கூடும். குளிர்ப் பகுதியில் வாழும் விலங்குக்கு உடல் பெரியது, வெப்பப் பகுதியில் சிறியது என்பது அந்த விதி. இங்கே அது மட்டும் போதாது. தேசப்படத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். காக்ஸ்கோம்ப், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 17 பாகையில் இருக்கிறது. பாண்டனாலின் வடபகுதி, தெற்கே ஏறக்குறைய அதே 17 பாகையில் இருக்கிறது. கோட்டிலிருந்து தூரம் ஒன்றுதான், எடையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்னொன்றையும் பாருங்கள். வெனிசுவேலாவின் யானோஸ் புல்வெளி நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில் இருக்கிறது. விதிப்படி அங்கே ஜாகுவார் சிறுத்திருக்க வேண்டும். ஆனால் அங்குள்ள ஆண்களும் 100 கிலோவை ஒட்டியே இருக்கின்றன.

பாண்டனாலுக்கும் யானோஸுக்கும் பொதுவாக இருப்பது வெள்ளம். இரண்டுமே மழைக்காலத்தில் நீர் பரவி நிற்கும் திறந்தவெளிகள். அங்கே நீரோரமெங்கும் காப்பிபரா மேய்கிறது. உலகிலேயே பெரிய கொறிவிலங்கு அது. வளர்ந்த ஒன்று 50 கிலோ வரும். அதோடு கேமன் முதலைகள், மான்கள், பண்ணை மாடுகள். கேமனைப் பிடிக்கும்போது ஜாகுவார் பின்னாலிருந்து பாய்ந்து பிடரியையோ மண்டையோட்டையோ கடித்துத் துளைக்கிறது. மற்றப் பெரும்பூனைகள் பெரும்பாலும் தொண்டையைக் கவ்வி மூச்சை அடைப்பவை. இது எலும்பையே உடைக்கும் பூனை. அந்த வேலைக்குப் பருத்த தலையும் தடித்த கழுத்தும் வேண்டும்.

பெலிஸ் காட்டிலோ, ராபினோவிட்ஸ் ஜாகுவாரின் மலத்தைப் பிரித்துப் பார்த்தபோது, அடிக்கடி கிடைத்தது ஆர்மடில்லோவின் ஓட்டுத் துண்டுகள். நம் அழுங்கை நினைவூட்டும், ஓடு போர்த்திய சிறு விலங்கு அது. (உறவு கிடையாது, தோற்றம் மட்டும்தான்.) எடை ஐந்து கிலோ அளவுதான். ஐந்து கிலோ இரையைத் தேடி நெருக்கமான புதர்க்காட்டில் அலையும் விலங்குக்கு 100 கிலோ உடம்பு பாரம்தான். இரையும் இடமும் சேர்ந்தே உடலை வகுக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. அமேசான் காட்டு ஆண்கள் 80 கிலோ அளவில் இரண்டுக்கும் நடுவில் நிற்பதும் இதோடு பொருந்துகிறது.

அப்படியானால் இவை வெவ்வேறு இனங்களா? இல்லை. முன்பு எட்டு, ஒன்பது துணையினங்களாகப் பிரித்து எழுதினார்கள். பழைய நூல்களில் அந்தப் பட்டியலை இன்றும் காணலாம். மண்டையோட்டு அளவுகளும் பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் அந்தப் பிரிவினைக்குத் துணை நிற்கவில்லை. 2017இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) பூனை வல்லுநர் குழு வெளியிட்ட வகைப்பாட்டில், ஜாகுவார் துணையினங்களாகப் பிரிக்கப்படாத இனம்.

எண்களைப் படிக்கும்போது எடை எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள். மயக்க ஊசி போட்ட விலங்கை வலையில் கிடத்தி, கழியில் தொங்கவிட்ட தராசில் மாட்டி, அது விழிப்பதற்குள் அளக்கிறார்கள். முந்தின இரவு வயிறு நிறையத் தின்றிருந்தால் முள் பல கிலோ தள்ளிப்போகும். இப்படி அளந்தவையே மெய்யான எண்கள். பழைய வேட்டைக் குறிப்புகளில் பல கண் மதிப்பீடுகளே. அவற்றை நான் எடுத்தாளுவதில்லை.

ஆகவே பலகையில் இப்படி எழுதலாம்: "ஆண் ஜாகுவார்: பெலிஸ் மழைக்காட்டில் சராசரி 56 கிலோ, பிரேசிலின் பாண்டனாலில் சராசரி 100 கிலோ." முதல் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆர்மடில்லோவையும் இரண்டாவதற்குப் பக்கத்தில் ஒரு காப்பிபராவையும் வரையச் சொல்லுங்கள். படம் ஒட்டும்போது ஒரு கவனம் தேவை: ஜாகுவார் என்ற பெயரில் நம் சிறுத்தையின் படத்தை ஒட்டிய பலகைகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஜாகுவாரின் வட்டப் புள்ளிகளுக்குள்ளே சிறு கரும்புள்ளிகள் இருக்கும். கால்கள் குட்டை, தலை பெரிது. அச்சிடக் கொடுப்பதற்கு முன் தோளையும் விலாவையும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.