ஸ்பிட்ஃபயர் 1500: காசு முதலில் எஞ்சினுக்கா, பின்சக்கரத்துக்கா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். 1977 மாடல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தனிநபரிடம் வாங்கியிருக்கிறேன். ஃபாஸ்ட் ரோடு கேம்ஷாஃப்ட், 4-2-1 எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, சிலிண்டர் ஹெட் வேலை, பின்பக்கத்துக்கு கேம்பர் காம்பன்சேட்டர் (பின்சக்கரம் மடங்காமல் தடுக்கும் துணை ஸ்பிரிங்) என்று பட்டியல் போட்டிருக்கிறேன். கையில் 2,500 பவுண்டு. வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுழன்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். எதை முதலில் வாங்குவது?

பதில்: முதலில் கேம்பர் காம்பன்சேட்டரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அது பழைய ஸ்பிட்ஃபயர்களுக்கான மருந்து. உங்கள் வண்டியில் அந்த நோய் பெருமளவு தீர்ந்துவிட்டது.

1962இல் வந்த முதல் ஸ்பிட்ஃபயர், அதே நிறுவனத்தின் ஹெரால்டு காரின் ஸ்விங் ஆக்ஸிலை அப்படியே எடுத்துக்கொண்டது. அதில் ஹாஃப் ஷாஃப்டுக்கு (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) டிஃபரன்ஷியல் பக்கம் மட்டும்தான் யூனிவர்சல் ஜாயின்ட் எனும் வளையும் மூட்டு. அதனால் சக்கரம் நேராக ஏறி இறங்காமல் ஒரு வில்போல வளைந்து ஏறி இறங்கும். வளைவில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பாரம் முன்னால் போய், வண்டியின் பின்பக்கம் எழும்பும். அப்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே இழுபட்டு, டயர் விளிம்பில் நிற்கும். பிடிமானம் போய்விடும். (மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் இதே அமைப்புதான். பின்னால் வந்த கஸெலில் அதை எடுத்துவிட்டு இரு சக்கரங்களையும் ஒரே திடமான அச்சில் இணைக்கும் லைவ் ஆக்ஸில் போட்டார்கள்.)

மூன்றாம் பதிப்பான மார்க் 3 வரை லீஃப் ஸ்பிரிங்கின் எல்லாத் தட்டுகளையும் டிஃபரன்ஷியல் மேல் சேர்த்து இறுக்கியிருப்பார்கள். 1970இல் வந்த மார்க் 4இல் ஒரு தட்டைத் தவிர மற்றவை ஒரு பெட்டிக்குள் சாய்ந்தாடும்படி மாற்றினார்கள். ஸ்விங் ஸ்பிரிங் என்பது இதுதான். இதனால் வளைவில் பின்பக்கம் உடல் சாய்வை எதிர்க்கும் விறைப்பு குறைகிறது, சக்கரம் மடங்கும் போக்கும் வெகுவாகக் குறைகிறது. அந்தக் குறைவை ஈடுகட்ட முன்பக்க ஆன்டி ரோல் பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) தடிமனாக்கினார்கள். இரண்டும் ஒரு ஜோடி, பிரித்து வாங்கக் கூடாது. பிறகு ஹாஃப் ஷாஃப்டுகளும் பக்கத்துக்கு ஓர் அங்குலம் நீண்டன. உங்கள் 1977 வண்டியில் மூன்றும் இருக்க வேண்டும். இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் வேலை, ஏனென்றால் கிடைத்த ஸ்பிரிங்கைப் பழைய உரிமையாளர் மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். சீட்டுகளுக்குப் பின்னால் கார்பெட்டுக்கு அடியில் உள்ள தகட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கின் நடுப்பகுதி தெரியும். முன்பக்க பாரை காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள்: சுமார் 22 மி.மீ. இருந்தால் சரி. 17 மி.மீ. சொச்சம் என்றால் அது பழைய வண்டியின் பார்.

அப்புறம் புதுப்பிக்கும் வேலை. ஸ்பிரிங் தட்டுகளுக்கு நடுவில் உள்ள ரப்பர் பட்டன்கள், ஸ்பிரிங் கண் புஷ்கள், ரேடியஸ் ஆர்ம் புஷ்கள், ஷாக் அப்சார்பர்கள் ஆகியவற்றை மொத்தமாக மாற்றுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கவனம் தேவை. வெர்டிகல் லிங்கின் (சக்கர ஹப்பைத் தாங்கும் நிமிர்ந்த பாகம்) அடியில் ஜாக்கி தாங்காமல் ஷாக் அப்சார்பரையோ கண் போல்ட்டையோ உருவினால், அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் கையை உடைக்கும் விசையில் அடிக்கும். திரும்ப மாட்டும்போது ரப்பர் புஷ் போல்ட்டுகளை விரல் இறுக்கத்தில் விட்டு, சக்கரங்கள் தரையில் நின்ற பிறகே முழுதாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எந்நேரமும் திருகியே நிற்கும், சில மாதங்களில் கிழியும். அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சார்பர் வாங்கினால் மிக மென்மையான அமைப்பில் தொடங்கி, ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். முதல் நாளே இறுக்கிவிட்டால் மேடுபள்ள ரோட்டில் பின்பக்கம் துள்ளும்.

பின்பக்க ஹப்பில் சத்தமோ ஆட்டமோ இருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே நீடில் பேரிங் நேராக ஷாஃப்டின் மேலேயே ஓடுகிறது. கிரீஸ் வற்றினால் ஷாஃப்டில் பள்ளம் விழும், பள்ளம் விழுந்த இடத்தில் ஷாஃப்ட் முறியும், சக்கரமே கழன்றுவிடும். ஹப்பைப் பிரிக்க அதற்கென்று செய்த புல்லர் வேண்டும். சாதாரண புல்லரில் முயன்றால் ஹப் வளைந்துவிடும், எனவே அந்தக் கருவி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். முன்பக்க ட்ரனியன்களையும் (ஸ்டியரிங்கோடு திரும்பும் கீழ் மூட்டுகள்) அதே நேரத்தில் பாருங்கள். அவற்றுக்கு இபி 90 கியர் ஆயில் போட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் அடித்து வைத்த வண்டிகளில் வெர்டிகல் லிங்க் துருப்பிடித்து ஒடிந்திருக்கிறது.

இனி எஞ்சின். 1500இன் பலவீனம் அடிப்பாகம். சிலிண்டர் துளை 73.7 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 87.5 மி.மீ., கிராங்க்ஷாஃப்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் 6,000 ஆர்பிஎம்மில் விடாமல் ஓட்டினால் பேரிங்குகள் தாங்காது. அதிக ஆர்பிஎம்மில் மட்டும் சக்தி தரும் கேம்ஷாஃப்ட் இந்த எஞ்சினுக்குப் பொருந்தாது.

காசு செலவழிக்கும் முன் இரண்டு சோதனைகள். எஞ்சின் சூடான பிறகு 2,000 ஆர்பிஎம்மில் ஆயில் பிரஷர் 40 முதல் 60 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். அடுத்தது, கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் டயல் கேஜ் வைத்து அளந்து பாருங்கள். 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருந்தால் நிம்மதி. 0.35ஐத் தாண்டினால் வண்டியை ஓட்டாதீர்கள். தேய்ந்த வாஷர் சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) விழுந்தால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்து கெடும். எஞ்சினை இறக்காமல் சம்ப்பையும் பின் மெயின் கேப்பையும் கழற்றினாலே இந்த அரைவட்ட வாஷர்களை மாற்றலாம். பள்ளக்கோடுகள் உள்ள முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். தேய்மானம் அதிகமென்றால் ஓவர்சைஸ் வாஷர் கிடைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று சத்தம் வந்தால், ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டராக வாங்குங்கள்.

அடிப்பாகம் தேறினால் மேலே வாருங்கள். ஹெட்டை ஃபேஸிங்குக்கு (அடிமுகத்தைச் சீவிச் சமப்படுத்த) கொடுக்கும்போது "கொஞ்சம் சீவுங்கள்" என்று சொல்லாதீர்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 373 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 9.5 வேண்டுமென்றால் பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் 43.9 சிசி இருக்க வேண்டும், 10 வேண்டுமென்றால் 41.5. அதில் அமுங்கிய கேஸ்கட்டே ஏறத்தாழ 4 சிசி எடுத்துக்கொள்ளும். நான்கு சேம்பர்களையும் ப்யூரெட் வைத்து அளந்து, மீதியைக் கணக்குப் போட்டு அந்த அளவை எழுதிக் கொடுங்கள். தெருவில் ஓட்டும் வண்டிக்கு 9.5 போதும். சீவிய அளவுக்கு ராக்கர் பெடஸ்டல்களின் அடியில் ஷிம் வைக்க வேண்டும், இல்லையென்றால் புஷ்ராட் நீளம் கூடியதுபோல் ஆகி ராக்கர் கோணம் கெடும். ஹெட் வெளியே இருக்கும்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய வால்வு சீட்டுகளைப் போட்டுவிடுங்கள்.

மேனிஃபோல்டு, சைலன்சர், மிதமான கேம், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களுக்கும் ஏற்ற நீடில் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி) எல்லாம் சேர்ந்தால், தொழிற்சாலை தந்த 71 குதிரைத்திறன் 85, 90 வரை போகும். நீடில் மாற்றாமல் மற்றவற்றை மட்டும் மாட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் சூடாகும். ரோலிங் ரோடில் (சக்கரங்களை உருளைகள் மேல் ஓடவிட்டுச் சோதிக்கும் மேடை) ஒரு மணி நேரம் ட்யூன் செய்ய வைக்கும் பணம், பட்டியலில் உள்ள எந்தப் பளபளப்பான பாகத்தையும்விடப் பயன் தரும்.

கேள்வி: அதே வண்டிக்கு ட்ரையம்ஃப் ஜிடி6 காரின் ரோட்டோஃப்ளெக்ஸ் பின்சஸ்பென்ஷனைப் போட்டால் என்ன?

பதில்: அமைப்பு நல்லதுதான். கீழே ஒரு விஷ்போன் (கவட்டை வடிவ இணைப்புக் கை) வந்துவிடுவதால் சக்கரம் மடங்கவே மடங்காது. ஆனால் ஹாஃப் ஷாஃப்டில் வரும் ரோட்டோஃப்ளெக்ஸ் ரப்பர் கப்ளிங்குகளின் தரம் கடைக்குக் கடை மாறுகிறது, மட்டமானவை சீக்கிரமே வெடிக்கின்றன. இன்னொன்று சட்டம். பிரிட்டனில் 40 வயது தாண்டிய வண்டிக்கு எம்ஓடி எனும் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் கடந்த 30 ஆண்டுகளுக்குள் கணிசமாக மாற்றிய வண்டிக்கு அது பொருந்தாது. சஸ்பென்ஷன் வகையை மாற்றுவது அந்தக் கணக்கில் வரக்கூடும். பாதுகாப்பை மேம்படுத்தச் செய்த மாற்றத்துக்கு இடம் உண்டு என்றாலும், விலக்கைக் கோரும் முன் விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். இதை மட்டுமல்ல, ஹெட், கேம் வேலை உட்பட எல்லா மாற்றங்களையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய புது ஸ்விங் ஸ்பிரிங்கை மாட்டினால் வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. திருப்பித் தர முடியுமா?

பதில்: முதலில் சரியாக அளந்தீர்களா? ஜாக்கியிலிருந்து இறக்கியதும் ஸ்விங் ஆக்ஸில் வண்டியின் சக்கரங்கள் உள்ளே மடங்கியபடியே நிற்கும். நாலு தெரு ஓட்டிவந்து, இரண்டு பேரை உட்காரவைத்து, சமதளத்தில் பாருங்கள். அப்போதும் சக்கரத்தின் அடி உள்ளே இழுத்திருந்தால் ஸ்பிரிங் விறைப்பு அதிகம் என்று பொருள். அதோடு வேகமாக ஓட்டாதீர்கள்.

கடையில் வாங்கிய பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரத்துக்கு மாறாகவோ இருந்தால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். மனம் மாறித் திருப்புவதென்றால் இணையக் கொள்முதலுக்கு 14 நாள் உண்டு. ஆனால் மாட்டிப் பயன்படுத்திய பாகத்துக்கு அவர்கள் பணம் பிடிக்கலாம். அதனால் அடுத்த முறை பாகம் வந்ததும் பழைய ஸ்பிரிங்கோடு பக்கத்தில் வைத்து வளைவையும் தட்டுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் படம் எடுத்துவிட்டு மாட்டுங்கள். விலை 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் வாங்குங்கள், கடை கைவிரித்தாலும் கார்டு நிறுவனத்திடம் கேட்க உரிமை இருக்கிறது.