வண்டலூர் பூங்காவில் ஒரு முழு நாள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பறவை பார்க்கவும், வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டும் பல வருடமாகப் போய் வருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, என்றைக்குப் போனால் நல்லது? பெரம்பூரிலிருந்து வருகிறோம், சொந்த வண்டி கிடையாது.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை, அதை முதலில் மனதில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத ஒரு புதனோ வியாழனோ கிடைத்தால் விடாதீர்கள். மாதம் என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. வெயில் தாங்கும், ஏரியில் பறவைகளும் இருக்கும்.

சென்ட்ரல் வந்து, எதிரே பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். நிறைய வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும், பலகையைப் பார்த்து ஏறுங்கள். வண்டலூரில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும்போது மட்டும் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போது அங்கே நிற்கிற மாதிரி கிளம்புங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே பூங்காவின் இணையதளத்தில் எடுத்துவிட்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? எந்த வரிசையில் போவது?

முடியாது. முயற்சியும் செய்ய வேண்டாம் என்பேன். பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர், ஏறக்குறைய 1,500 ஏக்கர். இதை முழுக்கச் சுற்றப் பார்க்கும் குடும்பங்கள் மதியத்துக்கு மேல் முகம் வாடி, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு அடைப்பின் முன்னும் அரை நிமிடம் நின்று, போட்டோ எடுத்து, அடுத்ததுக்கு ஓட்டம். சாயங்காலம் பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஐஸ்கிரீம் என்கிறது.

முதல் நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு விலங்கு தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஐந்து பேர் என்றால் ஐந்து விலங்கு. அந்த ஐந்துக்கும் தலா இருபது நிமிடமாவது கொடுங்கள். வழியில் கண்ணில் படுவதெல்லாம் கூடுதல் லாபம்.

வரிசை என்று கேட்டால், காலைக் குளிர்ச்சியில் புலி, சிங்கம், குரங்குகள். சஃபாரி போவதாக இருந்தால் அதற்குத் தனி டிக்கெட், உள்ளே போனதும் அதை முடித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் இரவு விலங்குகளின் இருட்டறை, ஊர்வன பகுதி, சாப்பாடு, மரத்தடியில் கொஞ்சம் ஓய்வு. மூன்றரை மணிக்கு மேல் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரி.

அந்த ஏரியை நிறையப் பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பூங்கா வளர்க்கும் பறவைகள் அல்ல அவை, தாமாக வருகிறவை. வக்கா, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் வரும். மஞ்சள்மூக்கு நாரை கண்ணில் பட்டால் அது இரை தேடுவதைப் பாருங்கள். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்து, இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கிளறிவிடும். மீன் அலகில் பட்டதும் டக்கென்று மூடிக்கொள்ளும். கலங்கிய தண்ணீரில் கண்ணை நம்பாமல் தொடு உணர்வை வைத்தே அது மீன் பிடிக்கிறது. ஒரு பைனாகுலர் இருந்தால் பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

அம்மா, எனக்கு 76 வயது. மூட்டு வலி. பேரன் கூப்பிடுகிறான், நான் போகலாமா? சின்ன வயதில் ‘உயிர்காலேஜ்’ பார்த்தது.

அவசியம் போங்கள் ஐயா. பேட்டரி வண்டி இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம், இடமும் குறைவு, அதனால் நுழைந்ததுமே கேட்டுவிடுங்கள். வண்டியில் ஒரு சுற்று வந்துவிட்டு, நிழலான ஒரு இடத்தில் பேரனோடு உட்காருங்கள், போதும். வீட்டிலிருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: நடையின் வேகத்தை, குடும்பத்தில் எல்லோரையும் விட மெதுவாக நடப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். தாத்தாவை வாசல் பெஞ்சில் விட்டுவிட்டு மற்றவர்கள் சுற்றப் போவது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம்.

நீங்கள் பார்த்த உயிர்காலேஜின், அதாவது சென்னையின் பழைய மிருகக்காட்சி சாலையின், தொடர்ச்சிதான் இது. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கியது, பிறகு சென்ட்ரல் பக்கம் போனது, 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. மூர் மார்க்கெட் பக்கம் பார்த்ததையெல்லாம் பேரனுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றரை வயதுக் குழந்தையோடு போகலாமா?

போகலாம், ஆனால் முழு நாள் வேண்டாம். மதியத் தூக்க நேரத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள். தள்ளுவண்டி இருந்தால் கொண்டுபோங்கள். வெறும் கையில் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தால் தோள் விட்டுப்போகும். கூட வருகிறவர்களில் பெரிய பிள்ளைகள் இல்லையென்றால் இந்த வருடம் கிண்டி சிறுவர் பூங்காவே போதும். சின்ன இடம், நிழல் உண்டு. அதற்கும் செவ்வாய் விடுமுறைதான்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

உள்ளே உணவகம் இருக்கிறது. கையில் கொண்டுபோவதானால் எவர்சில்வர் டப்பாவும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலும். வாசலில் பையைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக் விஷயத்தில் கண்டிப்பு உண்டு. அந்தக் கண்டிப்பு நல்லதுதான். காற்றில் பறந்து போகும் ஒரு சிப்ஸ் உறையை மான் மென்று விழுங்கினால் அது வயிற்றிலேயே தங்கிவிடும். சாப்பிடும் இடத்தில் குரங்கு வந்தால் டப்பாவை மூடுங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், ஒரு துண்டும் போடாதீர்கள். ஒருவர் போட்டால் அடுத்த குடும்பத்தின் கையிலிருந்து அது பிடுங்கும்.

போன தடவை எல்லா விலங்கும் தூங்கிக்கொண்டிருந்தது. பையன் ‘போர்’ என்கிறான். என்ன செய்வது?

நீங்கள் போன நேரம் மதியமாக இருந்திருக்கும். சிங்கம் ஒரு நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும், காட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் இரை கிடைக்கும் நேரம் நெருங்கும்போது பெரிய பூனைகள் எழுந்து நடமாடத் தொடங்கும். கிளம்பும் முன் ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள்.

பையனுக்கு வேலை கொடுங்கள். நீர்யானை முங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் மூச்சுக்கு மேலே வரும். வரும்போது முதலில் மூக்குத் துளை திறந்து புஸ்ஸென்று நீர் தெறிக்கும், அடுத்து இரண்டு காதும் படபடவென்று அடித்து நீரை உதறும். காட்டெருமையின் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை இருப்பதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கத்துவது, விசிலடிப்பது, கல் எறிந்து எழுப்புவது மட்டும் கூடவே கூடாது. ஓடி ஒளிய இடமில்லாத உயிர் அது. பக்கத்தில் யாராவது செய்தால் பணியாளரிடம் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.

வெள்ளைப் புலி தனி இனமா?

இல்லை. சாதாரண வங்கப் புலியேதான். ஒடுங்கு மரபணு ஒன்று அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் சேர்ந்து வந்தால் இந்த நிறம். கோடுகள் கருமையாகவே இருக்கும், கண் நீலமாக இருக்கும், அதனால் உடலில் நிறமியே இல்லாத அல்பினோ என்றும் சொல்ல முடியாது. 1951-இல் மத்தியப் பிரதேசத்து ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழி வந்தவைதான் இன்று உலகத்துப் பூங்காக்களில் இருக்கும் பெரும்பாலான வெள்ளைப் புலிகள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. “அதை ஏன் அடைச்சு வெச்சிருக்காங்க?” என்று கேட்டாள். என்ன சொல்வது அக்கா?

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், மழுப்பாதீர்கள். காட்டில் இருப்பதுதான் அதற்கு நல்லது என்று ஒப்புக்கொள்ளுங்கள். அதோடு, திரும்பிப் போக முடியாதவையும் இங்கே இருக்கின்றன என்று சொல்லுங்கள். சிங்கம், புலி, கரடி, குரங்கு, சிறுத்தை ஆகியவற்றை வைத்து வித்தை காட்ட மத்திய அரசு விதித்த தடையை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சர்க்கஸிலிருந்து மீண்ட சிங்கங்களுக்கு வண்டலூரில் மறுவாழ்வு மையம் அமைத்தார்கள். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த சிங்கத்துக்கு வேட்டையாடத் தெரியாது. சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) போல மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே எங்கும் இல்லாத விலங்குகளைப் பூங்காக்களில் இனப்பெருக்கம் செய்து காப்பதும் நடக்கிறது. அகழி வெட்டிய திறந்த அடைப்பையும் கம்பிக் கூண்டையும் அவளையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவளுக்கு வருத்தம் இருந்தால் இருக்கட்டும், அந்த வருத்தம் சரியானதுதான்.

காணும் பொங்கலுக்குப் போகலாமா?

விலங்கு பார்க்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். ஊரோடு சேர்ந்து கொண்டாடப் போகிறீர்கள் என்றால் போங்கள். குழந்தை தொலைந்தால் தெரிவதற்காகக் கையில் பெற்றோரின் போன் எண்ணோடு பட்டை கட்டுவார்கள். அதை வீட்டிலேயே நீங்கள் கட்டிவிடுவது இன்னும் நல்லது. அங்கே செல்போனில் பேசிக்கொள்ளலாம் என்று நம்பாமல், பிரிந்தால் எங்கே கூடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதே நாளில் முதலைப் பண்ணையையும் சேர்க்கலாமா?

வேண்டாம். அது வடநெம்மேலியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. கேளம்பாக்கம் சுற்றிப் போக வேண்டும். தனியாக ஒரு அரை நாள் ஒதுக்கி, மாமல்லபுரத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே திங்கள் விடுமுறை.