படுதா அணை: வாய்க்கால் தண்ணீரை வாமடைக்கு ஏற்றுவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

கல்லணைக் கால்வாய்ப் பாசனம் எங்களுக்கு. வயல் கொஞ்சம் மேடு. வயல் வாய்க்காலில் தண்ணீர் ஓடினாலும் வாமடைக்கு (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்) அரை அடி கீழேதான் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் மண்ணை வெட்டிக் குறுக்கே போட்டு, முறை முடிந்ததும் அள்ளி எடுக்கிறோம். தூக்கிச் செல்லக்கூடிய அணை ஏதாவது உண்டா?
– ஒரத்தநாடு வாசகர்

உண்டு. அதிகச் செலவும் இல்லை. ஒரு கம்பு, ஒரு துண்டுப் படுதா, ஒரு ரீப்பர் கட்டை இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் புல்வெளிக்கு வாய்க்கால் பாசனம் செய்பவர்கள் நெடுங்காலமாக இப்படிக் கான்வாஸ் துணியில் செய்து, தோளில் போட்டுக்கொண்டு இடத்துக்கு இடம் மாற்றுகிறார்கள். நம் ஊரில் ஆற்றுக்குள் தற்காலிகமாகக் குறுக்கே போடும் கொரம்பு செய்யும் வேலையை வாய்க்காலுக்குள் இது செய்கிறது. மண்ணைப் போட்டு அடைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. அந்த மண் பெரும்பாலும் பக்கத்துக் கரையிலிருந்துதான் வருகிறது. நாலு போகத்தில் கரை மெலிந்துபோகும், வாய்க்கால் தரை மேடாகிவிடும்.

உங்கள் வாய்க்காலின் மேல் அகலம் 4 அடி, தரை அகலம் 2 அடி, ஆழம் ஒன்றே முக்கால் அடி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டியவை:

எட்டரை அடி நீளமும் 3 அங்குல விட்டமும் உள்ள சவுக்குக் கம்பு. வளைவோ வெடிப்போ இருக்கக் கூடாது. கம்பு இரு கரையிலும் இரண்டடிக்கு மேல் படிந்து கிடக்க வேண்டும்.

12க்கு 8 அடி படுதா ஒன்று. 12 அடி நீளத்தைச் சரிபாதியாக வெட்டினால் 8க்கு 6 அடியில் இரண்டு அணைக்கு வரும். 8 அடிப் பக்கம் வாய்க்காலுக்குக் குறுக்கே போகும். மற்ற 6 அடியில் ஓரடி கம்பைச் சுற்றவும், இரண்டடி கம்பிலிருந்து தரைக்குச் சாய்ந்து இறங்கவும், மீதி மூன்றடி தண்ணீர் வரும் பக்கமாகத் தரையில் படுக்கவும் தேவைப்படும்.

படுதாவைக் கம்பில் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி, மேலே ரீப்பரை வைத்து அரை அடிக்கு ஓர் ஆணி அடியுங்கள். ரீப்பர் வைக்காமல் துணியில் நேரே ஆணி அடித்தால், முதல் முறை தண்ணீர் ஏறும்போதே ஒவ்வோர் ஆணியும் ஒரு கிழிசலாகிவிடும். எதிர் ஓரத்தை மடித்துத் தைத்து, அந்த மடிப்புக்குள் இரும்புச் சங்கிலி ஒன்றைக் கோத்துவிட்டால் போடும்போது ஓரம் தானே தரையில் அமரும். அதே ஓரத்தின் ஒரு மூலையில் 10 அடிக் கயிறு கட்டிவையுங்கள். பிறகு எடுக்க அது உதவும்.

போடும் முறை: கம்பை வாய்க்காலுக்கு நேர் குறுக்கே வையுங்கள். இரு கரையிலும் கம்பு பதிய 3 அங்குலம் பள்ளம் வெட்டினால், தண்ணீர் தள்ளும்போது உருளாது. படுதா எப்போதும் தண்ணீர் வரும் பக்கம்தான் விழ வேண்டும். ஓரத்தை நடுவில் முதலில் அமிழ்த்தி, அதன்மேல் இரண்டு மூன்று களிமண் கட்டிகளை வையுங்கள். அடுத்து இரண்டு மூலைகள். பிறகு பக்கவாட்டுத் துணியைக் கரைச் சரிவோடு ஒட்டி மேலே ஏற்றி, கரைமேல் ஒரு மண்வெட்டி மண் போடுங்கள். தண்ணீர் வேகமாக ஓடுகிறபோது துணியைக் கம்புக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகும். அப்போது மேல்மடையைப் பத்து நிமிடம் குறைத்துவிட்டுப் போடுங்கள். வேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒரு மெல்லிய துணி அவ்வளவு தண்ணீரைத் தாங்குமா? நாங்கள் போட்டுப் பார்த்தபோது அடிவழியாகத் தண்ணீர் போய், கால் மணி நேரத்தில் எல்லாம் கிளம்பிவிட்டது.
– அம்பாசமுத்திரம் வாசகர்

தாங்கும். ஆனால் தாங்குவது துணியின் பலத்தால் அல்ல. மேலே சொன்ன வாய்க்காலில் ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அது அணையைத் தள்ளும் விசை ஏறக்குறைய 80 கிலோ. அதே நேரம், தரையில் படுத்திருக்கும் மூன்றடித் துணியின்மேல் நிற்கும் தண்ணீரின் எடை ஏறக்குறைய 250 கிலோ. தள்ளுகிற தண்ணீரைவிட அமுக்குகிற தண்ணீர் அதிகம். படுதா அணையின் சூட்சுமம் முழுவதும் இதுதான்.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: துணிக்கு அடியில் தண்ணீர் புகக் கூடாது. புகுந்துவிட்டால் மேலேயும் கீழேயும் ஒரே அழுத்தமாகிவிடும். அந்த 250 கிலோ இருந்தும் இல்லாததுபோல்தான். உடனே துணி மிதந்து கம்புக்கு அடியில் ஓடிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். ஆகவே முன் ஓரம் தரையோடு ஒட்டுகிற இடத்தில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

படுதா விழும் இடத்தில் அருகம்புல், கோரை, கல், ஓலைத்துண்டு எதுவும் கிடக்கக் கூடாது. புல்லின்மேல் துணி போட்டால் ஒவ்வொரு தண்டும் ஒரு குழாய்போல வேலை செய்யும். மணல் தரையாக இருந்தால் 4 அங்குல ஆழத்துக்குக் குறுக்கே ஒரு சால் பறித்து, ஓரத்தை அதற்குள் இறக்கிக் களிமண்ணால் மூடுங்கள். மணலையே அள்ளி மேலே போட்டால் நிற்காது, கரைந்து போகும். வண்டல் தரைக்கு இந்தச் சால் தேவையில்லை, கட்டிகளே போதும். துணி மூன்றடி படுக்காமல் ஓரடி மட்டும் படுத்தாலும் இதே கதைதான் நடக்கும். துணியில் சிக்கனம் பார்ப்பவர்கள் அந்தப் படுக்கையில்தான் முதலில் கை வைக்கிறார்கள்.

போட்ட பிறகு கீழ்ப்பக்கம் போய்க் கசிவைப் பாருங்கள். தெளிந்த நீராகக் கசிந்தால் விட்டுவிடலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நண்டு வளையோ எலி வளையோ கரைக்குள் திறந்திருக்கும். அணையை எடுத்து, வளையை வெட்டித் திறந்து, ஈரக் களிமண்ணை இடித்து அடைத்த பிறகுதான் மறுபடி போட வேண்டும். மேலே மண் பூசி மறைத்தால் கரையோடு போய்விடும்.

எவ்வளவு உயரம் வரை நிறுத்தலாம்? நான் அணை போட்டால் மேலே இருக்கும் பங்காளி வயலில் தண்ணீர் வழிகிறது என்று சண்டை வருகிறது.
– கும்பகோணம் வாசகி

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் அம்மா. நீங்கள் ஏற்றுகிற மட்டம் உங்கள் வயலோடு நிற்பதில்லை, பின்னோக்கிப் போகும். எவ்வளவு தூரம் என்பதை வாய்க்காலின் சரிவு தீர்மானிக்கிறது. ஆயிரம் அடிக்கு ஓரடி சரிவு இருந்தால், முக்கால் அடி ஏற்றியதன் விளைவு சுமார் 750 அடி மேலே வரை தெரியும். டெல்டாவில் நிலம் இன்னும் சமதளம் என்பதால் இன்னும் தூரம் போகும். அந்த நீளத்தில் எங்கே கரை தாழ்ந்திருக்கிறதோ அங்கே வழியும்.

முதல் முறை போடுவதற்கு முன்னால் மேல்பக்கம் நடந்து பார்த்து, தாழ்ந்த கரை எது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறி நின்ற பிறகும் அந்த இடத்தில் கரை அரை அடியாவது வெளியே தெரிய வேண்டும். உங்கள் எல்லை அதுதான். உங்கள் வாமடை எவ்வளவு கேட்கிறது என்பது இரண்டாவது விஷயம். வாமடைத் தரைக்கு மேல் 3, 4 அங்குலம் தண்ணீர் நின்றாலே நெல் வயலுக்குத் தாராளமாகப் பாயும்.

உயரத்தைக் கூட்டினால் சுமை அதே கணக்கில் கூடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். முக்கால் அடி தண்ணீருக்கு 18 கிலோ தள்ளினால், ஒன்றரை அடிக்கு 80 கிலோ. இரட்டிப்பு உயரத்துக்கு நாலு மடங்குக்கும் மேல். வாய்க்கால் ஆறடிக்கு மேல் அகலமாக இருந்தால் ஒற்றைக் கம்பை நம்பாதீர்கள். கீழ்ப்பக்கத் தரையில் ஊன்றிய சாய்வு முட்டு ஒன்றைக் கம்பின் நடுவில் கொடுங்கள்.

முழுவதும் அடைத்தால் கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் போகாது. பாதியை விட்டு, மட்டத்தை மட்டும் ஏற்ற முடியுமா?
– மன்னார்குடி வாசகர்

முடியும். அப்படித்தான் செய்யவும் வேண்டும். கம்புக்குக் கீழே துணியின் நடுவில் ஓரடி அகலத்துக்கு ஒரு வாசல் வெட்டுங்கள். வாசலின் கீழ் விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதைத் தாண்டும் தண்ணீரெல்லாம் கீழே போய்விடும். ஓரடி அகல வாசலில் 4 அங்குலம் வழிந்தால் நொடிக்கு ஏறக்குறைய 17 லிட்டர் போகும். வெட்டிய ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். போடாவிட்டால் வாசல் கிழிந்து தரை வரை இறங்கிவிடும். வெட்டிய துண்டை மேலே தொங்கவிட்டு, வேண்டாதபோது கீழே இறக்கி மூடுகிற மாதிரி வைத்தால் ஒரே அணை இரண்டு வேலைக்கும் ஆகும்.

வழியும் தண்ணீர் விழுகிற இடத்தைக் காப்பாற்றுங்கள். பழைய சாக்கை நாலாக மடித்துப் போட்டு மேலே கல் வையுங்கள், அல்லது பலகை ஒன்றைக் கிடத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரே இரவில் முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்து, குழியின் விளிம்பு அணைக்கு அடியில் வந்து நிற்கும். வாசலே வைக்காமல் கம்புக்கு மேல் வழியவிட்டால் இன்னும் மோசம். தண்ணீர் ஓரங்களில் வழிந்து கரையைச் சுற்றிக்கொண்டு போகும். படுதா அணைகள் பெரும்பாலும் நடுவில் கிழிவதில்லை, கரை ஓரத்தில்தான் தோற்கின்றன.

கீழ்பவானிப் பாசனத்தில் மஞ்சள். கரையை வெட்டாமல், கரைமேல் வளைந்து தண்ணீரை உறிஞ்சி இறக்கும் சைஃபன் குழாய் வைத்துப் பாத்திக்கு விடுகிறேன். பாதியில் குழாய்கள் நின்றுவிடுகின்றன. அணை போட்டால் சரியாகுமா?
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

சரியாகும். வாய்க்கால் மட்டம் இறங்கி, குழாயின் வாய் காற்றை உறிஞ்சியதும் ஓட்டம் அறுந்துபோகிறது. மட்டத்தை ஒரே நிலையில் நிறுத்துவதுதான் அணையின் வேலை. 2 அங்குலக் குழாய், வாய்க்கால் மட்டத்துக்கும் பாத்தியில் விழும் மட்டத்துக்கும் 4 அங்குல வித்தியாசம் இருந்தால் நொடிக்குச் சுமார் 1.6 லிட்டர் தரும். உங்கள் பங்கு நொடிக்கு 12 லிட்டர் என்றால் ஏழு குழாய் ஓட்டலாம். எட்டு, ஒன்பது வைத்தால் வருவதைவிடப் போவது அதிகமாகி மட்டம் இறங்கும், எல்லாம் நிற்கும். குழாய் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அணைகளுக்கு இடைவெளி: 500 அடிக்கு ஓரடி சரிவுள்ள வாய்க்காலில், அணை அருகே 10 அங்குல வித்தியாசமும் மேல் கோடியில் 4 அங்குலமும் வேண்டுமென்றால், ஓர் அணை 250 அடிக்குப் போதும். இரண்டு அணை வைத்துக்கொண்டு, ஒன்று வேலை செய்யும்போது அடுத்ததைக் கீழே 250 அடியில் தயாராகப் போட்டுவையுங்கள். முதலாவதை எடுத்ததும் தண்ணீர் அங்கே போய் நிற்கும், பங்கு நேரம் வீணாகாது.

சிமென்ட் வாய்க்காலுக்கு என்ன செய்வது?
– பொள்ளாச்சி வாசகர்

சதுர வாய்க்காலாக இருந்தால் படுதா வேண்டாம். இரு சுவரிலும் ஒரு காடி விட்டு, 6 அங்குலப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுங்கள். எத்தனை பலகையோ அத்தனை உயரம். சுவரை உடைத்துக் காடி வெட்ட வேண்டாம், இரும்பு ஆங்கிளை போல்ட்டில் பொருத்தினால் போதும். ஒன்றரை அடிக்குள் அகலமுள்ள மண் வாய்க்காலுக்கு 2 மி.மீ. இரும்புத் தகட்டைப் பிறை வடிவில் வெட்டி, கைப்பிடி வைத்துத் தரையில் 4 அங்குலமும் கரையில் 6 அங்குலமும் இறங்க அடித்தால் ஒரு நிமிட வேலை. கல் கலந்த மண்ணில் தகடு இறங்காது.

பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் பயன்படுத்தலாமா?
– திருவாரூர் வாசகர்

ஒரு பட்டத்துக்கு உதவும். வெயிலில் கிடந்த பேனர் விறைத்து, மடிப்பில் வெடிக்கும். வாங்குவதாக இருந்தால் 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) சில்பாலின் என்னும் பிளாஸ்டிக் படுதாவைப் பாருங்கள். பருத்திக் கான்வாஸ் தரையோடு இன்னும் நன்றாக ஒட்டும், ஆனால் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப்போகும். எதுவானாலும் சேற்றைக் கழுவி, நிழலில் உலர்த்தி, கம்போடு சுருட்டித் தரையில் படாமல் கட்டித் தொங்கவிடுங்கள். குதிருக்குப் பக்கத்தில் வைத்தால் எலி கடிக்கும்.

எங்கள் ஊர் 'ஏ' வாய்க்காலிலேயே இதைப் போடலாமா?
– பட்டுக்கோட்டை வாசகர்

கூடாது. 'ஏ' வாய்க்கால் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளது. அதில் அனுமதியின்றி எந்தக் குறுக்கீடும் தவறு. மதகுக்குக் கீழே விவசாயிகள் பராமரிக்கும் வயல் வாய்க்காலுக்கு மட்டுமே இங்கே சொன்னதெல்லாம். அதிலும் முறை வைத்துப் பாயும் ஊரில், உங்கள் முறை நேரத்தில் மட்டும். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அங்கே சொல்லிவிட்டுப் போடுங்கள்.

அணையைப் பிடுங்கியபோது கீழே இருந்த கரை உடைந்துவிட்டது. எடுப்பதற்கு முறை உண்டா?
– சீர்காழி வாசகர்

கம்பைத் தூக்கி எடுத்திருப்பீர்கள். தேங்கிய தண்ணீர் ஒரே மொத்தமாக இறங்கினால் அந்த அலை பலவீனமான கரையில்தான் முட்டும். கம்பைத் தொடாதீர்கள். முதலில் வாசல் இருந்தால் அதைத் திறந்து, மட்டம் பாதியாக இறங்கும் வரை பொறுங்கள். பிறகு கரையில் நின்றுகொண்டு, மூலைக் கயிற்றை மேல்பக்கமாக, சாய்வாக இழுங்கள். ஒரு மூலை கிளம்பியதும் தண்ணீர் அடியில் புகுந்து துணியைத் தானே தளர்த்திவிடும். ஒரு பக்கம் மட்டும் திறப்பதால் ஓட்டம் படிப்படியாகக் கூடும். துணி அலசி ஓய்ந்த பிறகு கம்பை எடுக்கலாம்.

வாய்க்காலுக்குள், அணைக்குக் கீழ்ப்பக்கம் இறங்கி நின்று எடுக்கவே கூடாது. கம்பு நழுவினால் காலை வாரிவிடும். பிள்ளைகள் குளித்துக்கொண்டிருக்கிறார்களா என்று கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கயிற்றில் கை வையுங்கள்.