காந்தம் அசையாவிட்டால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள்: "கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை வைத்தால் கரண்ட் வரும் என்றார்கள். வைத்துப் பார்த்தேன், வரவில்லையே?" புத்தகத்தைப் புரட்டி, "காந்தப்பாயம் மாற வேண்டும்" என்று வாசித்துக் காட்டினேன். அவள் சமாதானமாகவில்லை. எனக்கும் புரியவில்லை என்பதே உண்மை. கூடவே ஒன்று: பேட்டரியில் டி.சி. மின்சாரம், வீட்டில் ஏ.சி. மின்சாரம். எதற்கு இரண்டு வகை? வணிகவியல் படித்தவனுக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் மகள் நின்ற இடத்தில்தான் ஐரோப்பாவின் பெரிய விஞ்ஞானிகள் பத்து வருடம் நின்றார்கள். மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் காட்டினார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரமும் வர வேண்டுமே என்று பலரும் தேடினார்கள்.

ஜெனீவாவில் கொலாடோன் என்பவர் 1825-ல் கிட்டத்தட்ட கண்டுபிடித்தேவிட்டார். தன் காந்தம் கால்வனாமீட்டரின் (மின்சாரம் ஓடினால் ஊசி அசைந்து காட்டும் கருவி) ஊசியை நேரடியாக இழுத்துவிடக் கூடாது என்று, நீளமான கம்பி கட்டி, கருவியைப் பக்கத்து அறையில் வைத்தார். சுருளில் காந்தத்தை நுழைப்பார், நடந்து போய்ப் பார்ப்பார். ஊசி பூஜ்யத்தில் நிற்கும். அவர் நுழைத்த ஒவ்வொரு முறையும் மின்சாரம் பிறந்தது. அவர் நடந்து போவதற்குள் ஊசி துள்ளி அடங்கிவிட்டது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கும். அவ்வளவு கவனமான மனிதர், அந்தக் கவனமே அவரைத் தடுத்துவிட்டது.

1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் தனித்தனிச் சுருள் சுற்றினார். ஒன்றில் பேட்டரி, மற்றதன் அருகில் காந்த ஊசி. பேட்டரியை இணைத்த நொடியில் ஊசி துடித்தது, உடனே அடங்கியது. துண்டித்தபோது மறுபடி துடித்தது. நடுவில் பேட்டரிச் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தும் ஊசியில் அசைவில்லை. அக்டோபரில் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தும் இழுத்தும் பார்த்தார், அதேதான். சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்புலத்தின் அளவு கூடும்போதோ குறையும்போதோதான் மின்சாரம் பிறக்கிறது. புத்தகம் 'பாயம் மாற வேண்டும்' என்பது இதைத்தான்.

எனக்கு இது விளங்கியது அப்பாவின் சைக்கிளில். டயரில் டைனமோவை உரசவிட்டால் கிர்ரென்ற சத்தத்தோடு விளக்கு எரியும். ரயில்வே கேட்டில் நின்றால் இருட்டு. ஒருநாள் பழுதான டைனமோவைக் கழற்றிப் பார்த்தேன்: நடுவில் உருண்டைக் காந்தம், அதைச் சுற்றி அசையாத சுருள். கேட்டில் நிற்கும்போதும் இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன. சுழற்சிதான் இல்லை. டைனமோவைப் போட்டால் பெடல் கனப்பதும் நினைவிருக்கும். பிறக்கும் மின்சாரம் தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கும். ரஷ்ய இயற்பியலாளர் லென்ஸ் 1834-ல் சொன்ன விதி அது. விளக்கின் வெளிச்சம் உங்கள் காலிலிருந்து வருகிறது.

சரி, ஏ.சி.க்கு வருவோம். சுழலும் காந்தத்தின் வடமுனை சுருளைக் கடக்கும்போது மின்சாரம் ஒரு பக்கம் ஓடும், தென்முனை கடக்கும்போது எதிர்ப்பக்கம். இப்படித் திசை மாறி மாறி ஓடுவது ஏ.சி. நெய்வேலி போன்ற அனல்மின் நிலையங்களில் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது வினாடிக்கு 50. நம் வீட்டின் 50 ஹெர்ட்ஸ் அங்கிருந்து வருவதுதான். பேட்டரியில் வேதிவினை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது, அது டி.சி.

ஏ.சி. நம் வீடுவரை வந்ததற்குக் காரணம் டிரான்ஸ்பார்மர், அதாவது வோல்ட்டேஜை ஏற்றவும் இறக்கவும் செய்யும் கருவி. அது ஃபாரடேயின் அதே இரட்டைச் சுருள்தான். மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால்தான் அடுத்த சுருளில் ஏதாவது பிறக்கும், மாறாத டி.சி.யை வைத்து அதை இயக்க முடியாது. வோல்ட்டேஜைப் பத்து மடங்கு ஏற்றினால் அதே மின்திறனுக்குப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். கம்பி சூடாகி வீணாவது நூறில் ஒரு பங்காகிவிடும். ஏற்றி அனுப்பி, தெருமுனையில் இறக்கி, 230 வோல்ட்டாகத் தருகிறார்கள். ஆனால் மிக நீண்ட தூரத்துக்கு டி.சி.யே லாபம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் டி.சி.யாகத்தான் வருகிறது. உங்கள் செல்போன் சார்ஜரும் ஏ.சி.யை டி.சி.யாக்கும் கருவிதான்.

மகளிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். மோட்டார் வைண்டிங் கடையில் மெல்லிய செம்புக் கம்பி வாங்கி, காந்தம் தாராளமாக நுழையும் குழாயில் 300 சுற்று சுற்றட்டும். ஊசி வைத்த பழைய மல்டிமீட்டரை மிகக் குறைந்த டி.சி. அளவில் இணைத்து, காந்தத்தை வேகமாக நுழைத்து இழுக்கட்டும். ஒரு திசை அசைவில் ஊசி வலப்பக்கம் துள்ளும்; எதிர்த்திசை அசைவில், பூஜ்யம் இடது ஓரத்தில் இருப்பதால், அந்த ஓரத்தில் முட்டி நிற்கும். அப்புறம் ஒன்று: கம்பியின் மேல் மின்சாரத்தைத் தடுக்கும் எனாமல் பூச்சு இருக்கும். இரு முனைகளையும் பிளேடால் செம்பு பளிச்சிடும்வரை சுரண்டச் சொல்லுங்கள். சுரண்டாவிட்டால் காந்தத்தை எவ்வளவு ஆட்டினாலும் ஊசி அசையாது.