பிரியாணி பொட்டலத்துக்கு அப்புறம் என்ன?

கேள்வி: ஐயா, யாங்கோன்ல (பழைய ரங்கூன்) எங்க தமிழ் சபையில வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு பிரியாணி பொட்டலம் கொடுக்கிறோம், வாங்கினவங்க திரும்ப எட்டிப் பார்க்கிறதே இல்ல. என்ன பண்ணலாம்?

பதில்: பசி வருஷத்துக்கு ஒருநாளா தம்பி வருது? உங்க தெரு டீக்கடையைப் பாருங்க, விடியறதுக்கு முன்னாடியே மேசை துடைக்கிற பொடியன் ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு எப்படி வருவான், அவனுக்கு ஓய்வு கிடைக்கிற நேரத்துல நீங்கதான் போகணும், முதலாளிகிட்ட கேட்டுட்டு அரைமணி நேரம் பர்மா எழுத்து சொல்லிக் கொடுங்க. நிறைய பேர் புத்த வீட்டுப் பிள்ளைங்க, ஞானஸ்நானப் பேச்சை எடுத்தா அதோட சரி.

அப்புறம் நம்ம வயசானவங்க. பர்மாவோட 1982 குடியுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் முழுக் குடிமக்களுக்கு ரோஸ் கலர் அடையாளக் கார்டு, மத்தவங்களுக்கு நீலம், பச்சைன்னு ஆச்சு, எந்தக் கார்டும் இல்லாத பாட்டிமாரும் இருக்காங்க. கார்டுக்கான பர்மா மொழி ஃபாரத்தை வச்சிக்கிட்டு முழிப்பாங்க, படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் ஆபீசுக்குக் கூடப் போனாலே பாதி பாரம் இறங்கிடும். எங்க பக்கத்து வீட்டு ஆயா புருஷனோட பழைய பேப்பரையெல்லாம் துருப்பிடிச்ச பிஸ்கட் டின்ல வச்சிருக்கு, மடிப்புல மடிப்புல கிழிஞ்சு போச்சு. அந்த மாதிரி டின் உங்க சபைக்காரங்க வீட்லயும் இருக்கும், முதல்ல அதையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க.