சிஸ்டர் பதில்கள்: அதே தட்டு, அதே தவறு

கேள்வி: என் மகள் பவாய் ஐ.ஐ.டி.யில் டிசைன் படிக்கிறாள். 'ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்' ஆராய்ச்சி என்று ஆஸ்பத்திரி வார்டுகளில் நின்று, நர்ஸ்கள் வேலை செய்வதைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டுமாம். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இவளுக்கு அங்கே என்ன வேலை சிஸ்டர்?
(வாசகி, செம்பூர்)

பதில்: மும்பையில் 32 வருடம் வார்டு பார்த்தவள் நான். உங்கள் மகளை மாதிரி ஒருத்தி அன்றைக்கே வந்திருந்தால் எனக்கு ஒரு மெமோ மிச்சமாகியிருக்கும்.

ஒரு நைட் டியூட்டி. 40 நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டு பேர். விடியற்காலை 4 மணிக்கு, ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலை (மருந்து அடைத்த சின்னக் குப்பி) எடுத்தேன், கழுத்தை ஒடித்தேன், சிரிஞ்சில் உறிஞ்சியும்விட்டேன். பக்கத்தில் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்த மாவ்ஷி (இங்கே ஆயாம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), "சிஸ்டர், அந்தத் தட்டில் ராத்திரி வேறு பெட்டியைக் கொட்டினார்களே" என்றார் மராத்தியில். லேபிளைப் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு. அதையும் நரம்பில் ஏற்றுவோம்தான். ஆனால் பெரிய பாட்டிலில் கலந்து, சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்கில். அப்படியே ஊசியில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கு அதே உயரம், அதே 10 மில்லி, உள்ளே அதே தண்ணீர் நிறம்.

மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். 'இனி கவனமாக இருக்கவும்' என்று மெமோ வந்தது. தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று மாதம் கழித்து வேறொரு பெண் அதே தட்டில் கையை விட்டு அதே ஆம்பூலை எடுத்தாள். அவளும் கடைசி நொடியில்தான் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அந்த மருந்து தனி அலமாரிக்கும், சாவி இன்சார்ஜ் சிஸ்டரின் இடுப்புக்கும் போனது.

நான் கவனமானவள்தான். ஆனால் விடியற்காலை 4 மணிக் கண்ணை நம்ப முடியாது. அந்தக் கண்ணுக்குத் தோதாகத் தட்டை அடுக்குவதுதான் உங்கள் மகளின் படிப்பு.

ஆபரேஷன் தியேட்டரில் இது எப்போதோ வந்துவிட்டது. மயக்க மருந்து மிஷினில் மாட்டுகிற சின்ன சிலிண்டரின் வால்வில் இரண்டு துளை இருக்கும். ஆக்ஸிஜனுக்கு 2, 5 என்ற இடங்களில். மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு 3, 5. மிஷினில் அதற்கு நேராக ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தூக்கக் கலக்கத்தில் மாற்றி மாட்டினாலும் உட்காரவே உட்காராது. கறுப்பு, நீலம் என்று நிறமும் உண்டு, அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

2008-ல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த 19 அம்ச அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும் இந்த வகைதான். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆக இறங்கியது. (ஆபரேஷன் முடிந்து டீ குடிக்கும்போது மொத்தமாக டிக் அடிக்கிற கதை தனி. அதையும் அவள் எழுதட்டும்.)

காலை 11 மணிக்குப் போனால் வார்டு பளபளவென்று இருக்கும். நைட் டியூட்டியில் போகச் சொல்லுங்கள். மருந்து டிராலி பக்கத்தில் நின்று, ஒரு நர்ஸ் ஒரு ஊசி மருந்தை எடுத்து முடிப்பதற்குள் அவளை எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணட்டும். முதல் நாளே நோட்டை நீட்ட வேண்டாம். மேலிடத்து ஆள் என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அப்புறம், கொஞ்சம் மராத்தி கற்றுக்கொண்டு போகட்டும். மாவ்ஷிகளிடம் பேச வேண்டுமே.